மைக்கைப் பிடிக்கும் முன்னால கேளுலே

ஏலே தம்பி, இங்கன வா. திண்ணையில உக்காரு. உன்னையும் ஒரு சேகரத்துக்கு உதவிக் குருவானவராப் போடப் போறாவளாமே? சந்தோசம். அங்கி தைக்கக் குடுத்தாச்சா? நல்லது. அங்கியை மாட்டிட்டேன்னா பொறவு உன்னைய நான் 'ஐயா'ன்னுதான் கூப்பிடணும். குருவானவர்னா 'ஐயரு', கூப்பிடுதது 'ஐயா', நம்ம திருநவேலிப் பக்கத்து வழக்கம் அது. அதனால 'லே' போட்டுப் பேசுத சுகத்தை இன்னைக்கே அனுபவிச்சுக்கிடுதேன்.

உன் படிப்புல எனக்குச் சந்தேகம் கெடையாது. கிரேக்கு தெரியும், எபிரேயு தெரியும். பெரிய பெரிய ஜெர்மன்காரன் பேரெல்லாம் மூச்சு விடாமச் சொல்லுத. எனக்குப் பயமெல்லாம் உன் வாயைப் பத்தித்தான். ஏன்னு கேக்கியா? ஞாயித்துக்கெழம பிரசங்க பீடத்துல நின்னு நீ என்ன சொல்லுதியோ, அதைத்தான் திங்கக்கெழம எங்க ஊருப் பொம்பளையாளுவ அடுப்படியில ஜெபமாச் சொல்லுவாவ. நீ பயங்காட்டுனா அவ பயந்து பயந்து ஜெபிப்பா. நீ பேரம் பேசுனா அவளும் ஆண்டவர்ட்ட பேரம் பேசுவா. நீ பெருசா அலட்டுனா, 'நமக்கெல்லாம் இப்பிடி ஜெபிக்க வராது, ஐயரே வந்து ஜெபிக்கட்டும்'னு வாயை மூடிக்கிடுவா. நீ மாறுதலாகி வேற சேகரத்துக்குப் போயிருவ. நீ பேசின பேச்சு இங்கனயேதான் கெடக்கும்.

மொதல்ல செவத்துல இருக்க நோட்டீசைப் பாப்போம். முந்தி கன்வென்சன் நோட்டீசுன்னா, 'தேவ செய்தி அளிப்பவர்'னு ஒரு வரி, அதுக்குக் கீழ ஒரு பேரு. முடிஞ்சு போச்சு. இப்பம் பிளெக்ஸ் கட்டுதானுவ. 'தேவனால் வல்லமையாய்ப் பயன்படுத்தப்பட்டு வரும் அகில உலக எழுப்புதல் ஊழியர், தீர்க்கதரிசி, டாக்டர்...' ஆளு பேரு வருததுக்குள்ள பஸ்ஸு அந்த இடத்தைத் தாண்டிருது. டாக்டரு வந்திருக்காவன்னு எங்க தெருக் கெழவி ஒருத்தி மூட்டுவலிக்கு ஊசி போடப் போயிட்டா. திருப்பி அனுப்பத்தான் பெரும்பாடாப் போச்சு.

யோவான்ஸ்நானகன்ட்ட, நீரு யாருவேன்னு எருசலேம்ல இருந்து ஆள் அனுப்பிக் கேட்டாவல்லா? அவரு என்ன பதில் சொன்னாரு? வனாந்தரத்துல கேக்குத ஒரு சத்தம், அம்புட்டுத்தான் நான்னாரு. எனக்குப் பின்னால வாறவரோட செருப்பு வாரை அவுக்கக்கூட எனக்கு லாயக்கு இல்லேன்னாரு. சத்தத்துக்கு எதுக்குலே டாக்டர் பட்டம்?

சத்தம்னதும் ஞாபகம் வருது. கோயில்ல இருக்கது அம்பது பேரு. கூரை மேல ஹாரன் ஸ்பீக்கரு நாலு. எதுக்கு? காது கேக்காதது நமக்கா, ஆண்டவருக்கா? கர்மேல் மலையில பாகால் தீர்க்கதரிசிமாரு 450 பேரு காலையில இருந்து கத்துனானுவ. எலியா ஓரமா நின்னுக்கிட்டு, இன்னும் சத்தமாக் கூப்பிடுங்கடே, ஒருவேள உங்க சாமி தூங்குதோ என்னவோன்னு நக்கலடிச்சாரு. அந்த நக்கல் இன்னைக்கு யாருக்குப் பொருந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீ படிச்சவன். உனக்கே தெரியணும்.

அதுலயும் இப்பம் புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு. 'பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள், நீங்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்!' எம் பக்கத்துல உக்காந்திருக்கது யாரு? வரப்புத் தகராறுல எம்மேல கேசு போட்டவன். அவனைப் பாத்து நான் சொல்லணுமாம். நான் அவன் மூஞ்சியப் பாத்தேன். அவன் எம் மூஞ்சியப் பாத்தான். ரெண்டு பேரும் சேந்து ஐயரைப் பாத்தோம். மைக்குல சொல்லச் சொன்னா சமாதானம் வந்துருமாலே? அதுக்கு நீ ரெண்டு பேர் வீட்டுக்கும் நடக்கணும். வரப்புல வந்து நிக்கணும். செருப்பு தேயாம சமாதானம் வராது.

எம்புட்டு நேரம் பேசணும்னு கேப்ப. யோனா நினிவேயில என்ன பேசினான்? எபிரேயு படிச்ச குருவானவர் ஒருத்தர் சொன்னாவ, மூலத்துல எண்ணிப் பாத்தா அஞ்சே வார்த்தையாம். நீயும் எண்ணிப் பாரு. அஞ்சு வார்த்தைக்கு ராசா சிம்மாசனத்தை விட்டு எறங்கிச் சாம்பல்ல உக்காந்தான். ஆடு மாட்டுக்கெல்லாம் ரெட்டு உடுத்துனாவ. பவுலும் அதையேதான் சொல்லுதாரு. வெளங்காத பாசையில பத்தாயிரம் வார்த்தை பேசுததைக் காட்டிலும் வெளங்குதாப்புல அஞ்சு வார்த்தை போதும்னு கொரிந்தியருக்கு எழுதுனாரு. எழுதுனவரு, துரோவாவுல போயி நடுராத்திரி வரைக்கும் பேசினாரு பாரு! ஐத்திகுன்னு ஒரு வாலிபப் பய சன்னல்ல உக்காந்து தூங்கி, மூணாம் மாடியில இருந்து கீழ வுழுந்து செத்துப் போனான். பவுல் எறங்கிப் போயி அவனை உசுரோட எழுப்பிட்டாரு. நீ நடுராத்திரி வரைக்கும் பேசு, வேண்டாங்கல. வுழுந்தவனை எழுப்ப உனக்கு வருமா? வராதுன்னா இருவது நிமிசத்துல எறங்கிரு.

ஜெபத்துல இன்னும் மோசம்லே. கண்ணை மூடிக்கிட்டு ஆண்டவருக்குத் தினத்தந்தி வாசிக்கானுவ. 'ஆண்டவரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை அசனப் பண்டிகை என்பதை நீர் அறிவீர். அரிசி இன்னும் மூன்று மூட்டை குறைகிறது என்பதையும் நீர் அறிவீர். சென்ற ஆண்டு கொடுத்த சிலர் இந்த ஆண்டு கொடுக்கவில்லை என்பதையும் நீர் அறிவீர்.' ஆண்டவருக்குத்தான் தெரியும்லா? பொறவு யாருக்குச் சொல்லுத? மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்க ரைஸ்மில்காரருக்கு! அவரு கண்ணைத் தொறந்து பாத்துட்டு, இன்னும் இறுக்கி மூடிக்கிட்டாரு. கோயிலுக்கு வந்த ஆயக்காரன் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு ஒத்தை வரியில முடிச்சான். பரிசேயன் தசமபாகக் கணக்கு வாசிச்சான். நீதிமானா வீடு போய்ச் சேந்தது யாருன்னு நான் உனக்குச் சொல்லணுமா?

சரி, தமிழுக்கு வருவோம். 1706ல தரங்கம்பாடிக்குக் கப்பல்ல வந்து எறங்குனாரு சீகன்பால்கு. 24 வயசுகூட நிறையாத பையன். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. என்ன செஞ்சாரு தெரியுமா? வாத்தியாரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கே வரவச்சாரு. சின்னப் பிள்ளைகளோட பிள்ளையா உக்காந்து மணல்ல வெரலை வச்சு ஆனா ஆவன்னா எழுதுனாரு. ஒம்போது வருசத்துல, 1715ல, புதிய ஏற்பாடு முழுசும் தமிழ்ல அச்சேறிப் போச்சு. இந்தியப் பாசை எதுலயும் அதுக்கு முந்தி அப்படி வந்ததில்ல. வெள்ளைக்காரன் தமிழ் பேசப் பட்ட பாடு அது. நம்ம பய என்ன பண்ணுதான்? உடங்குடி தாண்டாத பய, டிவியில பாத்துப் பாத்து, வெள்ளைக்காரன் தமிழ் பேசுத தினுசுல பேசப் பழகிட்டு வாரான். 'கருத்தர் உங்கலை ஆசிருவதிப்பாரு!' எலே, உங்கம்மா உன்னைய அந்தத் தமிழ்லயா சோறு திங்கக் கூப்பிட்டா?

தஞ்சாவூரு வேதநாயக சாஸ்திரியாரு நம்ம திருநவேலிச் சீமைக்காரருதான். சரபோஜி ராசாவோட சிநேகிதரு. புலவருக்கெல்லாம் புலவரு. அவரு நெனச்சிருந்தா யாருக்கும் வெளங்காமப் பாடியிருக்கலாம். 1800ல 'பெத்லகேம் குறவஞ்சி' பாடுனாரு. குறத்தி குறி சொல்லுத பாட்டை, ஊரு ஏற்கெனவே ரசிச்ச பாட்டை, எடுத்துக்கிட்டாரு. ஆண்டவரும் என்னத்தைப் பேசினாரு? விதைக்கவன், புளிச்ச மாவு, காணாமப் போன வெள்ளிக்காசு, வெளக்குமாத்தை எடுத்து வீட்டைப் பெருக்குத பொம்பளை. ஒரு எடத்துலயாவது 'இறையியல் நோக்கிலான மறுவாசிப்பு'ன்னாரா? நீ போன தடவ கீழத்தெருவுல பேசும்போது அதைச் சொன்ன பாரு. உபதேசியாரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. அவருக்கும் வெளங்கலை, ஆனா தலையை ஆட்டிட்டாரு. சம்பளம் வாங்குதாருல்லா?

இதெல்லாம் சிரிச்சிட்டுப் போற சமாச்சாரம். இனிமே சொல்லுததைக் கொஞ்சம் காதை நிமுத்திக் கேளு.

'ஆண்டவர் எங்கிட்ட பேசினாரு.' இந்த வரி இருக்கு பாரு, சேகரக் கமிட்டியில இதுக்கு மிஞ்சுன ஆயுதம் கெடையாது. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுது. அதை மாத்தணும்னு நாலு பேரு சொல்லுதாவ. ஐயரு எந்திரிச்சு, 'கோபுரம் கட்டணும்னு ஆண்டவர் எனக்குத் தரிசனம் தந்திருக்காரு'ங்காரு. இனி எவன் வாயைத் தொறப்பான்? ஐயர்ட்ட மல்லுக்கட்டலாம். ஆண்டவர்ட்ட மல்லுக்கட்ட யாக்கோபு ஒருத்தனாலதான் முடிஞ்சது. அவனும் நொண்டிக்கிட்டுத்தான் திரும்புனான். உனக்குக் கோபுரம் கட்ட ஆசைன்னா, 'எனக்கு ஆசை'ன்னு சொல்லு. ஓட்டுக்கு விடுவோம். உன் ஆசைக்கெல்லாம் ஆண்டவர்ட்ட கையெழுத்து வாங்காத. அப்படிப் பழகிட்டேன்னா, அவரு நெசமாவே ஏதாவது சொல்லும்போது உனக்கே அடையாளம் தெரியாமப் போயிரும்.

அடுத்தது 'விதைக் காணிக்கை'. ஆயிரத்தை விதைச்சா நூறு மடங்கு அறுப்பியாம். நானும் வெவசாயிதான்டே. விதைச்சவன் வயல்லதான் வெள்ளாமை வரும். இது என்ன புது ரக விதை? விதைச்சது கெழவி, வெளஞ்சது பாஸ்டரு வீட்டுக் கார் செட்டுல! எருசலேம் கோயில் உண்டியல்ல ஒரு விதவை ரெண்டே காசு போட்டா. ஆண்டவரு பாத்தாரு. மெச்சிச் சீஷமார்ட்ட சொன்னாரு. நூறு மடங்கு வரும்னு அவகிட்ட ஆசை காட்டலையே! நம்ம பக்கத்து வீடுகள்ல உலையில அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியா ஒரு பானையில போட்டு வச்சாவ. திருப்பி என்ன வரும்னு எந்தப் பொம்பளையும் கேக்கலை. அந்தக் கைப்பிடி அரிசியிலதான் எத்தனையோ ஓலைக்கூரை கோயிலு கல்கட்டடமாச்சு. குடுக்கதுன்னா குடுக்கதுன்னு சொல்லு. வட்டிக்கடைப் பேச்சைக் கோயிலுக்குள்ள கொண்டாந்தேன்னா, வட்டி வராத அன்னைக்குச் சனம் கடையை மாத்திரும். அப்பம் 'விசுவாசம் குறைஞ்சு போச்சு'ன்னு அழாத.

விசுவாசக் குறைவு! இது இன்னொரு வார்த்தை. சுகமானா ஐயரோட ஜெபம். சுகமாகலைன்னா சீக்காளியோட அவிசுவாசம். எப்பிடிப் பாத்தாலும் ஐயருக்கு நட்டம் கெடையாது! இந்தப் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துனவங்க உண்டு. ஜெபம் பண்ணு. முடிஞ்சதும் 'மாத்திரை போட்டியளா?'ன்னு கேளு. அதுவும் ஊழியந்தான்.

சாவு வீட்டுல 'ஆண்டவருக்குச் சித்தம்'னு சட்டுனு சொல்லிராத. யோபுவோட சிநேகிதமாரு மூணு பேரு வந்தாவ. ஏழு நாளு ராப்பகலா அவன்கூடத் தரையில சும்மா உக்காந்திருந்தாவ. அதுவரைக்கும் நல்ல மனுசங்க. வாயைத் தொறந்தாவ பாரு, அன்னைக்குப் புடிச்சது சனி. கடேசியில ஆண்டவரே, நீங்க பேசினது சரியில்லேன்னு கண்டிச்சுட்டாரு. லாசரு செத்தப்பம் ஆண்டவரு என்ன கேட்டாரு? எங்கன வச்சியன்னு கேட்டாரு. அழுதாரு. உனக்கு அழுகை வரலைன்னா, காப்பி போட ஆள் இருக்கான்னாவது கேளு.

திண்டிவனத்துல ஒரு ராத்திரி நடந்தது தெரியுமா? ஐடா ஸ்கடர்னு மிசனெரி வீட்டுப் பொண்ணு. ஒரே ராத்திரியில மூணு பேரு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க, வந்து நின்னாவ. மூணு பேரு பொஞ்சாதியும் பிள்ளை பெற முடியாமக் கெடக்கா. ஆம்பள டாக்டர் தொடக் கூடாதுன்னுட்டாவ. பொம்பள டாக்டரு கெடையாது. விடிஞ்சதும் பாத்தா அந்த மூணு பொம்பளையாளுவளும் செத்துப் போயிருந்தாவ. இந்தியாவே வேண்டாம்னு இருந்த பொண்ணு அது. 'ஆண்டவருக்குச் சித்தம்'னு ஒரு வரியைச் சொல்லிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம். யாரு கேக்கப் போறா? அந்தம்மா அமெரிக்காவுக்குப் போயி டாக்டருக்குப் படிச்சிட்டுத் திரும்பி வந்தா. 1900ல வேலூர்ல ஒத்தைக் கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பிச்சா. 1918ல பொம்பளையாளுவளுக்கு மருத்துவப் பள்ளிக்கூடமே தொறந்தா. சித்தம்ங்கிற வார்த்தையைப் போட்டுக் கதவைச் சாத்தவும் செய்யலாம், தொறக்கவும் செய்யலாம். நீ எதுக்கு வச்சிருக்க?

இன்னும் ஒண்ணு பாக்கி. ஹாரன் ஸ்பீக்கருல 'அஞ்ஞானிகள்', 'புறஜாதியார்'னு நீட்டி முழக்குதானுவளே, அது எங்க போயி வுழுதுன்னு யோசிச்சியா? கோயிலுக்குள்ள இருக்கவனுக்கு ஏற்கெனவே தெரியும். மைக்கோட சத்தம் போறது மேலத் தெருவுக்கு. அசன விருந்துக்கு அண்டாவும் சட்டுவமும் எங்க இருந்து வந்துச்சு? அந்தத் தெரு அம்மன் கோயில்ல இருந்து. காய்கறி நறுக்க யாரு வந்தா? அதே தெருப் பொம்பளையாளுவ. அண்டாவைக் குடுத்தவனை அஞ்ஞானின்னு மைக்குல சொல்லிட்டு, சாயங்காலம் அதைத் திருப்பிக் குடுக்கப் போறப்போ எந்த மூஞ்சியோட போவ? அதைச் சொல்லுதது நீ. தூக்கிட்டுப் போறது நாங்க. வாங்கிக் கட்டிக்கிடுததும் நாங்கதான்.

இதை நம்ம சீமைக்காரரு ஒருத்தரு 1910லயே வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாருடே. வெள்ளாளன்விளை அசரியா. கிராமத்து ஐயரு மவன். எடின்பரோவுல உலக மிசனெரிமாரெல்லாம் கூடியிருந்த மாநாடு. எழுந்திரிச்சாரு. உங்க தியாகமும் தானமும் பெருசுதான், இந்தியச் சபை நன்றியோட நெனைக்கும், ஆனா எங்களுக்கு வேண்டியது அன்பு, சிநேகிதர் வேணும்னு கேட்டாரு. துரைமாருக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஒரு பேச்சுதான். இன்னைக்கும் அதைப் பேசிக்கிட்டு இருக்காவ. வெறும் வாய்ப்பேச்சு இல்ல அது. அதுக்கு முந்தியே தோர்ணக்கல்லுக்குப் போயி, தெலுங்கு படிச்சு, ஏழை எளியவங்களோட நடந்தவரு. 1912ல ஆங்கிலிக்கன் சபையோட மொத இந்தியப் பேராயரு ஆனாரு. அவரு துரைமார்ட்ட கேட்டதைத்தான் மேலத் தெருக்காரன் இன்னைக்கு உங்கிட்ட கேக்கான். அவன் எடின்பரோ வரைக்கும் போக வேண்டியதில்ல, டீக்கடை பெஞ்சுல உக்காந்தே கேக்கான். உனக்குத்தான் ஸ்பீக்கர் சத்தத்துல கேக்க மாட்டேங்குது.

என்னலே மூஞ்சி சுண்டிப் போச்சு? கெழவன் வாயை அடச்சுப் போட்டானேன்னு பாக்கியா? பேசு, நல்லாப் பேசு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாவ? ஆனா அந்த வாயால நாலு பேரும் பிழைக்கணும். அதுக்கு ஒரு பரீட்சை சொல்லுதேன், உங்க செமினரியில வைக்காத பரீட்சை.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு கை குடுப்பல்லா? 'அருமையான செய்தி ஐயா'ன்னு சொல்லிட்டுப் போறவங்களை எண்ணாத. அது நம்ம ஊரு மரியாதை. தூங்குனவனும் அதைத்தான் சொல்லுவான். ரெண்டு நாளு கழிச்சுப் பீடி சுத்துத பொம்பளையாளுவ நாலு பேரு உக்காந்திருக்க இடத்துக்குப் போ. டீ குடுத்தா வாங்கிக் குடி. 'ஞாயித்துக்கெழம என்னத்தக்கா பேசினேன்?'னு சும்மா போட்டுப் பாரு. 'நல்லாத்தான் பேசினிய, என்னன்னுதான் நெனவில்ல'ன்னா, அடுத்த வாரம் பாதியாக் கொறை. 'நாங்க பாவின்னு சொன்னிய'ன்னா, நீ வேற என்னமோ சொல்லியிருப்ப, ஆனா உன் தொனி அப்படித்தான் போய்ச் சேந்திருக்கு. 'மருமவட்ட ரெண்டு மாசமாப் பேசாம இருந்தேன், நீங்க சொன்ன பொறவு கூப்பிட்டுச் சோறு போட்டேன்'னு ஒருத்தி சொன்னான்னு வையி, அவளைத் திருத்திக்கிட்டு இருக்காத. 'நான் அதைச் சொல்லலை, அன்னைக்கு எபேசியர் நிருபத்தோட பின்னணியைத்தான் பேசினேன்'னு வெளக்காத. நீ தாள்ல எழுதிட்டு வந்தது எதுவா வேணும்னாலும் இருந்துட்டுப் போட்டும். அவ சொல்லுததுதான் நீ பண்ணுன பிரசங்கம்.